ஆரிகன் மலைச்சாலை – 5: டெலிபோன் கம்பத்தில் ஓர் ஆந்தை

கொலம்பியா ஆற்றோரத்து அருவிகளைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பி, மவுண்ட் ஹூட் மலைச்சாலையில் ஏறினோம். சுமார் 6,000 அடி உயரத்தில், காடு முடிந்து வெறும் சரிவு தொடங்கும் இடத்தில் நிற்கிறது டிம்பர்லைன் லாட்ஜ். 'தி ஷைனிங்' படத்தில் வெளிப்புறமாக வரும் கட்டடம் இதுதான் என்று வண்டியோட்டிய நண்பர் வழியெல்லாம் பேய்க்கதை சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கோ கட்டியவர்கள் மேல்தான் ஆர்வம்.

பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுத்துக் கூலி தரவென்று ரூஸ்வெல்ட் அரசு 1935-ல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. அமைப்பு கட்டியது இது. மறு ஆண்டு வேலை தொடங்கியது. 1937 செப்டம்பர் 28 அன்று ரூஸ்வெல்ட்டே வந்து அர்ப்பணித்தார். கல் கொத்தர் போன்ற கைத்தொழிலாளிக்கு மணிக்கு 90 சென்ட், சாதாரணக் கூலிக்கு 55. கூடாரத்தில் தங்கி, பனியைச் சகித்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

பணம் கூலிக்காக வந்தது. பொருள் வாங்க அவ்வளவாக மிஞ்சவில்லை. எனவே கழித்துப்போட்டதெல்லாம் மலையேறியது. மாடிப்படியின் முனைத் தூண்கள் பழைய டெலிபோன் கம்பங்கள். அவற்றின் உச்சியில் ஆந்தை, கரடி என்று ஒவ்வொன்றாகச் செதுக்கியிருக்கிறார்கள். வந்துபோகிறவர்களின் கை பட்டுப்பட்டுத் தலைகள் வழவழவென்றிருக்கின்றன. கணப்பில் விறகைத் தாங்கும் இரும்பு, ரயில் தண்டவாளம். தீப்பொறி தெறிக்காமல் மறைக்கும் திரை, பனிச்சாலையில் டயருக்குச் சுற்றும் சங்கிலி. மார்ஜரி ஹாஃப்மன் ஸ்மித் என்ற வடிவமைப்பாளரின் மேற்பார்வையில் பெண்கள் தறியில் திரைச்சீலைத் துணி நெய்தார்கள், வேலையற்ற இளைஞர்களுக்காக அதே அரசு நடத்திய சி.சி.சி. முகாம்களின் பழைய கம்பளிகளைக் கிழித்துத் தரைவிரிப்பு பின்னினார்கள்.

மண்வெட்டியில் சாய்ந்துகொண்டே சம்பளம் வாங்குகிறார்கள் என்று இந்தத் தொழிலாளிகளை அன்று கேலி செய்தவர்கள் ஏராளம். இங்கே வேலை செய்த கொல்லர்கள் அடித்த கதவுக் கீல்களைப் பார்த்தபின் எனக்கு அந்தக் கேலி ருசிக்கவில்லை. பணம் தாராளமாக இருந்திருந்தால் கடைச்சரக்கு வாங்கி மாட்டியிருப்பார்கள். இப்படி ஓர் ஆந்தை கிடைத்திருக்காது.

கம்பளி தந்த சி.சி.சி. இளைஞர்களின் கதை தனி. மாதச் சம்பளம் 30 டாலர். பெரும்பாலோருக்கு அதில் 25 நேரே வீட்டுக்குப் போய்விடும். காடு வளர்த்தார்கள், பூங்காக்களில் பாதை போட்டார்கள். அவர்கள் கைவேலை நிறைந்த சில்வர் ஃபால்ஸ் பூங்காவுக்கு அடுத்த வாரம் போகிறோம். அது சேலத்துக்குப் பக்கம். ஆமாம், ஆரிகனின் தலைநகரும் சேலம்தான். மாம்பழம் மட்டும் கிடைக்காது.