கொக்கிரகுளத்தில் ஒரு மத்தியானம்

சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் சின்னப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஆற்றுக்கு என்றால் விடியற்காலையோ சாயங்காலமோதான். பத்து மணிக்கு மேல் படித்துறைக் கல்லில் கால் வைக்க முடியாது. பூங்காவில் சறுக்குமரத்துத் தகரம் கொதிக்கும். லீவு விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. என் நாலு வயது மகனும் அண்ணனின் ஏழு வயது மகளும் கட்டிலில் ஏறிக் குதிக்காத நேரமில்லை. “ரெண்டையும் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க, எனக்குத் தலை கிறுகிறுன்னு வருது” என்றாள் அம்மா.

முந்தின வாரம்தான் ஏசி போட்ட ஒரு விளையாட்டுக் கூடத்துக்குப் போய் வந்திருந்தோம். பந்துக் குளம், வலை, சறுக்கு எல்லாம் இருந்தன. பிள்ளை ஒன்றுக்கு மணிக்கணக்கில் கட்டணம், காலுறைக்குத் தனிக் காசு. பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் ஆடினார்கள். மதினியும் நானும் கண்ணாடிக்கு இந்தப்புறம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா வரவே இல்லை. “நான் வந்து அங்கன என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஆச்சிக்கு வேலையில்லை என்றால், அந்த இடத்தில் ஏதோ குறை இருக்கிறது.

இந்த முறை அம்மாவையும் கிளப்பினேன். ஐந்து பேரும் ஜங்ஷனில் டவுன் பஸ் ஏறினோம். சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி 1843இல் திறந்த பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம். கலெக்டர் ஆபீஸ் பக்கம், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது மாவட்ட அறிவியல் மையம். மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம் 1987இல் இதைத் தொடங்கியது. கல்கத்தா, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் மட்டும் அறிவியல் அருங்காட்சியகம் இருந்தால் போதாது, மாவட்டத் தலைநகரங்களுக்கும் வேண்டும் என்று 1982இல் மேற்கு வங்கத்துப் புருலியாவில் ஆரம்பித்த வரிசையில் நம்மூருக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் ஐந்து பேரின் நுழைவுச் சீட்டும் சேர்ந்து, முந்தின வாரம் ஒரே பிள்ளைக்குக் கொடுத்த காசை எட்டவில்லை.

உள்ளே போனதும் என் கை தானாக மகனின் கையைப் பிடித்து இழுத்தது. எங்கே போனாலும் ‘தொடாதே’ என்று சொல்லிப் பழகிய கை. இங்கே பொத்தானை அமுக்க வேண்டும், பிடியைச் சுற்ற வேண்டும். கை வைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. அதைப் புரிந்துகொள்ளப் பெரியவர்களுக்குத்தான் கொஞ்ச நேரம் ஆகிறது.

வேடிக்கை அறிவியல் கூடத்தில் வளைந்த கண்ணாடிகளின் முன்னால்தான் அதிக நேரம் போனது. மகனுக்குக் கால் குட்டையாகித் தலை நீண்டது. இரண்டடி நகர்ந்தான், வயிறு பானை மாதிரி ஆனது. அம்மா அடுத்து வந்து நின்றாள். தன்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். முழங்கால் வலி என்று படியேறத் தயங்கியவள் அவள். “இது எப்படிட்டி இப்படிக் காட்டுது?” என்று பேத்தியிடம் கேட்டாள். சுவரில் விளக்கப் பலகை இருந்தது. அண்ணன் மகள் அதைப் படிக்கவில்லை. கண்ணாடியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள். “ஆச்சி, இங்கன உள்ள போவுது, இங்கன வெளிய வருது. கண்ணாடிக்கும் வயிறு இருக்கு” என்றாள். குழியாடி, குவியாடி என்று நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததை அவள் கையால் தெரிந்துகொண்டாள்.

தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்கிற இந்த எண்ணத்தை உலகில் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டை உருவாக்கிய ஆய்வகத்துக்குத் தலைமை வகித்த ராபர்ட்டின் தம்பி. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் பல்கலைக்கழக வேலையை இழந்து, பண்ணையில் மாடு வளர்த்து, பிறகு உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இருந்த அந்த வருடங்கள் இல்லாமல் அது வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கோளரங்கத்தில் விளக்கை அணைத்ததும் மகன் என் மடிக்குள் புகுந்துகொண்டான். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசல் பக்கமாக உட்காருவது நல்லது. கண் பழகி நட்சத்திரங்கள் தெரிந்ததும் தலையை வெளியே நீட்டிவிட்டான். வெளிப் பூங்காவில் டைனோசர் சிலைகள் இருக்கின்றன. அவற்றை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நிற்கும் நாளில் சின்னதுகளுக்கு முறை கிடைக்காது, சாதாரண நாள் மத்தியானம்தான் தோது. சில கருவிகள் நாலு வயதுக்கு எட்டாத உயரம், இடுப்பில் தூக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். நாங்கள் மாற்றி மாற்றித் தூக்கினோம்.

பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இரண்டும் வெயிலுக்கு ஒதுங்க நல்ல இடங்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் பார்க்கத்தான் முடியும், நூலகத்தில் சத்தம் போடக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு இரண்டுமே கஷ்டம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் தொட்டு விளையாட இப்படி ஒரு கூடம், ரெண்டு அறை அளவிலாவது வேண்டும். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கைத் தேய்த்து நிறமேற்றிச் சொப்புச் சாமான் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கூடத்தில் முதல் அலமாரி அந்தச் சொப்புகளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டில் மகன் சோற்றை விட்டுவிட்டு எவர்சில்வர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழிந்த பக்கத்தில் முகம் தலைகீழ், திருப்பினால் நேர். அண்ணன் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழிக்குள் சுண்டுவிரலை ஒட்டினாற்போல் கொண்டுபோனாள். விரல் தலைகீழாகாமல் நேராக, தடித்துத் தெரிந்தது. “ஆச்சி, இங்க வாங்க!” என்று ரெண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, கையில் இன்னொரு கரண்டியோடு வந்தாள்.