'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா?



நம் எம். புதுப்பட்டி குருமனைத் திண்ணையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மாலைதோறும் ஆங்கிலப் பாடம் கேட்க வருவதை நீங்கள் அறிவீர்கள். செய்யுளுக்குப் பொருள் சொல்வது எனக்கு எளிது. இலக்கணம் அப்படியன்று, செமினரியில் கிரேக்கம் படித்தவன் என்கிற மிதப்பு, நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் ஒருநாள் இறங்கிப்போயிற்று.

"டீச்சர் செட் டு மீ, 'வீ ஆர் லேட்'" என்பது வாக்கியம். 'வீ' என்பதை 'தே' என்று மாற்றிவிடுங்கள் என்றேன். ஒரு மகள் கையுயர்த்தி, "ஐயா, இந்த 'வீ' நாமா, நாங்களா?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே இல்லை, விதியை மனப்பாடம் செய் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் தலைகுனிந்து எழுதிக்கொண்டாள்.

அவள் கேட்டதே சரி. டீச்சர் என்னையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அயற்கூற்றிலும் 'வீ' என்றே நிற்கும்; என்னை விலக்கிச் சொல்லியிருந்தால்தான் 'தே' ஆகும். ஆங்கிலச் சொல் காட்டாத வேறுபாட்டைத் தமிழ்ப்பிள்ளை காதால் கண்டுபிடித்துவிட்டாள். முன்னிலையாரையும் உள்ளடக்கும் 'நாம்' என்பதை நம் இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், வளர்ந்த மனிதராயிருந்தும் சிறுபிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினாரே, அவருக்கிருந்த தாழ்மை எனக்கு அன்று இல்லை.

அவ்வாரப் பிரசங்கத்திற்காக மாற்கு நான்காம் அதிகாரத்தைத் திறந்தேன். கடலில் புயல், ஆண்டவர் நித்திரையாயிருக்கிறார், மடிகிறோமே என்று சீஷர்கள் அலறுகிறார்கள். கிரேக்க மூலத்திலும் நாம், நாங்கள் என்கிற பிரிவு கிடையாது. தமிழில் பெயர்த்தவர்கள் ஏதேனும் ஒன்றைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். 'நாங்கள்' என்று வைத்தார்கள். அக்கரைக்குப் போக அழைத்தவர் தம்மையும் சேர்த்தே அழைத்தார். அதே படகில்தான் படுத்திருக்கிறார். புயல் வந்ததும் அவரை வெளியே நிறுத்திப் பேசுகிறார்கள் சீஷர்கள். எத்தனையோ முறை வாசித்தும் இதை நான் கவனித்ததில்லை.

கவனித்தபின் என் ஜெபமே என்னை உறுத்தியது. "அக்கினியின் அபாயத்தின் நடுவே வாழும் நாம்" என்று ஞாயிறுதோறும் ஜெபிக்கிறேன். மருந்து செலுத்தும் அறைக்குள் நான் ஒருநாளும் அமர்ந்ததில்லை. விபத்துச் செய்தி வரும்போது என் வீட்டார் யாரும் பட்டாசு ஆலை வாசலுக்கு ஓடவேண்டியதில்லை. பிரசங்க பீடத்திலிருந்து 'நாம்' என்று சொல்ல எனக்கு ஏது விலை?

மறுநாள் திண்ணையில் எல்லார் முன்பாகவும், அவள் கேட்டதே சரி, நான் சொன்னது பிழை என்று சொன்னேன். படகுச் சம்பவத்தையும் எடுத்துரைத்தேன். அவள் சற்று யோசித்து, "எங்க அம்மா வீட்டுல எங்ககிட்டயும் 'நாங்க'ன்னுதான் சொல்வாங்க, ஐயா. 'நாங்க மருந்துல கை வைக்கிறோம், நீங்க புத்தகத்துல வைங்க'ன்னு" என்றாள்.

விலக்குகிற சொல் என்று நான் எண்ணியிருந்த 'நாங்கள்', அந்தத் தாயின் வாயில் பிள்ளையை அபாயத்திற்கு வெளியே நிறுத்துகிற வேலியாயிருக்கிறது. இதற்கு என்னிடம் விளக்கவுரை இல்லை. "அடுத்த வாக்கியம் போடலாமா, ஐயா?" என்று அவளே கேட்டாள். போட்டோம்.

கடந்த ஞாயிறு அந்த இடம் வந்தபோது, "ஆலைக்குச் செல்லும் இவர்கள்" என்று ஜெபித்தேன். உங்களில் சிலர் நிமிர்ந்து பார்த்தீர்கள். காரணம் இதுவே. ஆனாலும் 'இவர்கள்' என்பதும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

பொதுத்தேர்வு முடியும்வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 6.30 மணிக்குத் திண்ணையில் விளக்கு எரியும். சபையிலுள்ள பட்டதாரிப் பிள்ளைகள் வாரத்தில் ஒருநாளாவது வாருங்கள். கட்டுரைத்தாள் திருத்த ஆள் போதவில்லை. ஆலை வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப்போக வரும் தாய்மார்கள் வாசலிலேயே நிற்கவேண்டாம். உள்ளே பாய் விரித்திருக்கிறது.