கோமதிக் கரையில் ஒரு கல்விச்சாலை

லக்னௌ நகரைக் காணச் செல்லும் நம்மவர் பெரும்பாலோர் பெரிய இமாம்பாராவையும் ரூமி தர்வாஜாவையும் கண்டு, சௌக்குக் கடைத்தெருவில் சிக்கன் வேலைப்பாடமைந்த துணி சிறிது வாங்கிக்கொண்டு, மறுநாளே காசிக்கோ அயோத்திக்கோ வண்டி ஏறிவிடுவது வழக்கம். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. யாத்திரைக்கு வந்தவர்களுக்குப் பொழுது குறைவு. ஆயினும் ஓர் அரைநாள் கூடுதலாகத் தங்கக்கூடிய அன்பர்கள், நகரின் கிழக்குப் பக்கத்தில் கோமதி நதிக்கு அருகே நிற்கும் ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டு வருதல் நன்று என்பது நமது எண்ணம். பள்ளிக்கூடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அரண்மனையாகக் கட்டத் தொடங்கப்பெற்று, கட்டியவருக்கே கல்லறையாகி, 1845-ஆம் ஆண்டு முதல் சிறுவர்கள் பாடம் படிக்கும் இடமாக விளங்குவது அது. லா மார்ட்டினியேர் என்பது அதன் பெயர். வகுப்புகள் நடக்கும் இடமாதலால் முன்னதாக அனுமதி பெற்றே உள்ளே செல்லுதல் முறை.

வாயிலைக் கடந்து மரங்களினூடே சிறிது தூரம் சென்றதும் கட்டடம் கண்ணிற்படுகிறது. முதற் பார்வையில் நமக்குச் சிரிப்பா வியப்பா என்று சொல்ல முடியவில்லை. அடுக்கடுக்காக உயர்ந்து செல்லும் மாடங்கள்; மூலைகளில் எண்கோண வடிவான கோபுரங்கள்; விளிம்பெங்கும் ஆகாயத்தை நோக்கி நிற்கும் சுதைச் சிலைகள்; வாய் பிளந்த பெரிய சிங்கங்கள். ஐரோப்பியக் கலையும் நவாபுகளின் கலையும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் இங்கே ஒரே கூரையின்மேல் ஏறி நிற்கின்றன. 'முதலில் தாங்கள்' என்று வழிவிடும் மரியாதைக்குப் பெயர்போன ஊரில் இப்படியொரு கட்டடம்! கட்டடக் கலை வல்லார் சிலர் இதைப் பழித்ததுண்டு. நாம் அவ்வாறு பழிக்க மாட்டோம்; நம் ஊர்க் கோபுரங்களில் இடம் மிச்சமின்றிச் சுதை நிறைந்திருப்பதைக் கண்டு வளர்ந்த கண்களுக்கு இது அத்தனை அந்நியமாகப் படவில்லை. எதிரே ஓர் ஏரி. அதன் நடுவே 120 அடிக்கு மேல் உயர்ந்த தனித்தூண் ஒன்று.

இதனைக் கட்டிய கிளாட் மார்ட்டின் என்பவர் 1735-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் பிறந்தவர். அவர் இந்திய மண்ணை முதன்முதல் மிதித்த இடம் எது என்பது நம் வாசகர்களுக்கு உவப்பளிக்கும்: நமது புதுச்சேரியே அது. 1752-இல், டூப்ளேயின் ஆட்சிக் காலத்தில், பிரெஞ்சுக் கம்பெனியின் சாதாரணச் சிப்பாயாக அங்கு வந்து இறங்கினார், வயது 17. தமிழ்நாட்டு வயல்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பொருதுகொண்ட ஆண்டுகள் அவை. 1760-இல் வந்தவாசியில் லாலி தோற்றான். புதுச்சேரி முற்றுகைக்குள்ளாகும் தறுவாயில் மார்ட்டின் பிரெஞ்சுப் படையை விட்டு ஆங்கிலேயர் பக்கம் வந்து சேர்ந்தார். பிறகு வடக்கே சென்று, நில அளவையில் வேலை செய்து, லக்னௌவில் நவாபின் ஆயுதச்சாலைக்குப் பொறுப்பாளராகி, அவுரி வியாபாரம், வட்டிக் கடன், கட்டடம், பீரங்கி வார்ப்பு என்று கை வைத்த தொழிலெல்லாம் பொன்னாக்கினார். காற்றுக் கூண்டு பறக்கவிட்டதும், தம் சிறுநீர்ப்பையிலிருந்த கல்லைத் தாமே கருவி செய்து சிறுகச் சிறுக அராவிக் கரைத்ததும் அவரைப் பற்றிச் சொல்லப்பெறும் வரலாறுகள். பின்னதைக் கேட்ட மாத்திரத்தில் நமக்கு உடல் கூசிற்று.

பள்ளியில் வைத்திருக்கும் வெண்கலப் பீரங்கி ஒன்றும் தெற்கோடு தொடர்புடையது. 1786-இல் மார்ட்டின் தாமே வார்த்த அதற்குக் கார்ன்வாலிஸ் பிரபு என்று பெயர். திப்பு சுல்தானுக்கு எதிராகக் கார்ன்வாலிஸ் நடத்திய போரில், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்கு இது சென்று வந்ததாம். மார்ட்டினும் அப்போரில் கார்ன்வாலிசின் பரிவாரத்தில் இருந்தார்.

அவர் 1800-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் காலமானபொழுது மேஜர் ஜெனரல். கான்ஸ்டான்ஷியா என்று அவர் பெயரிட்ட இந்த மாளிகை அப்பொழுது முடியவில்லை. தம்மை அதன் நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்றும், மாளிகை பள்ளிக்கூடமாக வேண்டும் என்றும் உயிலில் எழுதி வைத்திருந்தார். இதற்கு ஒரு காரணம் கூறுவர். முஸ்லிம் அரசர் எவரும் பிணம் அடக்கிய இடத்தைக் கைப்பற்றத் துணியார். ஆகவே தம் உடலையே வீட்டுக்குக் காவலாக வைத்தார் என்பது அது. உண்மை எவ்வளவோ, கதை அழகாகத்தான் இருக்கிறது. கல்கத்தாவிலும் லக்னௌவிலும், பிறந்த ஊரான லியோனிலும் பள்ளிகள் வைக்கப் பணம் ஒதுக்கினார். ஆனால் உயில் எழுதுவது எளிது, நிறைவேற்றுவது அரிது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வழக்கும் விசாரணையுமாக ஆண்டுகள் உருண்டன. கல்கத்தாப் பள்ளி 1836-இல் திறந்தது. லக்னௌப் பள்ளிக்கு இன்னும் 9 ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது.

உள்ளே செல்வோம். மார்ட்டினின் பெரிய கூடங்கள் இன்று வழிபாட்டறையாகவும் நூலகமாகவும் பயன்படுகின்றன. சுவரிலும் விதானத்திலும் சுதையால் செய்த மென்மையான உருவங்கள், வெளியிலுள்ள ஆர்ப்பாட்டத்துக்கு ஈடுசெய்வனபோல் அடக்கமாக இருக்கின்றன. கூரைக்கு மர உத்திரம் இல்லை; எல்லாம் வளைவுகளே தாங்குகின்றன. சுவர்களுக்குள்ளே காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன; உத்தரப் பிரதேசத்து வெயிலில் ஜூன் மாதம் ஒரு நாள் இருந்தவர்களுக்கு அவற்றின் அருமை விளங்கும். படியிறங்கினால் நிலவறையில் கல்லறை. சாதாரணச் சிப்பாயாக வந்து மேஜர் ஜெனரலாக இறந்தவர் என்பதை அங்குப் பொறிக்குமாறு அவரே எழுதி வைத்தார். மாளிகைக்கு வெளியே, அவர் சிறுமியாக விலைக்கு வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்ட பூலோன் லீஸ் என்ற மாதரசியின் கல்லறை இருக்கிறது. வருகிறவர்கள் அதனருகே அதிகம் நிற்பதில்லை. நாம் சிறிது நேரம் நின்றோம்.

இனி 1857. அவ்வாண்டு லக்னௌவில் சிப்பாய்கள் எழுந்தபொழுது, தலைமையாசிரியர் ஷில்லிங் மாணவர்களையும் ஆசிரியர்களையும் ரெசிடென்ஸி வளாகத்துக்குள் அழைத்துச் சென்றுவிட்டார். மாணவர்கள் 60-க்கு மேற்பட்டவர். மூத்த பையன்கள் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றனர். இளையவர்கள் வேலைக்காரர் ஓடிப்போன வீடுகளில் திரிகை சுற்றி மாவரைத்தனர், தண்ணீர் சுமந்தனர், மருத்துவமனையில் காயமுற்றோருக்கு விசிறி வீசி ஈ ஓட்டினர், செய்தி கொண்டு ஓடினர். ஜூன் இறுதியில் தொடங்கிய முற்றுகை நவம்பர் வரை நீடித்தது. அந்தச் சேவைக்காகப் பின்னாளில் பள்ளிக்குப் போர்ப்படைகளுக்குரிய விருது வழங்கப்பெற்றது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இவ்விருது கிடைப்பது உலகில் மிக அரிது. அம்முற்றுகையின் தொடக்கத்தில் குண்டடிபட்டு ஜூலை 4-ஆம் நாள் இறந்தவர் ஹென்றி லாரென்ஸ். உதகைக்கு அருகே லவ்டேலில் நாம் அறிந்த லாரென்ஸ் பள்ளி அவர் பெயரால் அமைந்ததே.

சிறுவர்களின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை திரிகை சுற்றுவதும் ஈ ஓட்டுவதும் எந்தக் கொடியின்கீழ் நடந்தாலும் நெஞ்சைத் தொடுவதே. ஆனால் அதே நகரில், அதே மாதங்களில், வேலிக்கு வெளியே நின்றவர்களும் தம் மண்ணுக்காகவே நின்றனர். பேகம் ஹஸ்ரத் மகல் தம் சிறு மகனை அரியணையில் அமர்த்தி அவத் நாட்டுக்காகப் போராடி, முடிவில் நேபாளத்தில் தஞ்சம் புகுந்து 1879-இல் காத்மாண்டுவில் உயிர் நீத்தார். பள்ளியிலிருந்து வெகு தூரமில்லாத சிகந்தர் பாக் தோட்டத்துக்குள் 1857 நவம்பர் 16-ஆம் நாள் ஒரே பகலில் மாண்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 2,000 பேர். மார்ட்டினின் கல்லறையும் அந்தக் குழப்பத்தில் உடைக்கப்பெற்று, எலும்புகள் சிதறி, பின்னர் மீண்டும் அடக்கம் செய்யப்பெற்றன. உடலைக் காவல் வைத்த யுக்தி கட்டடத்தைக் காத்தது, உடலைக் காக்கவில்லை.

பள்ளித் தோட்டத்திலேயே இன்னொரு சமாதி உண்டு. 1858 மார்ச்சில் லக்னௌவில் காயமுற்று இறந்த ஹாட்சன் துரையினுடையது அது. தில்லியில் 1857 செப்டம்பரில், சரணடைந்த பகதூர் ஷாவின் புதல்வர்களைத் தம் கையாலேயே சுட்டுக் கொன்றவர் இவர். மாணவர்கள் விளையாட்டுக்காகப் பிரிந்துள்ள நான்கு அணிகள் மார்ட்டின், லியோன்ஸ், கார்ன்வாலிஸ், ஹாட்சன் என்று பெயர் பெற்றவை.

நமக்கு இடங்காட்டிய அன்பர் கும்பகோணத்தை அடுத்த கிராமத்தவர். லக்னௌ மானக் நகரிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றுபவர். அவருடைய இளைய மகன் இப்பள்ளியில் ஏழாம் வகுப்பு. மணி அடித்ததும் எங்களிடம் வந்து நின்றான்.

"நீ எந்த அணி, தம்பி?" என்றோம்.

"ஹாட்சன், மாமா."

"ஹாட்சன் யாரென்று தெரியுமோ?"

"தெரியும் மாமா. பகதூர் ஷாவோட பிள்ளைகளைச் சுட்டவர். அதோ, அங்கேதான் சமாதி."

"அப்படிப்பட்டவர் பெயருக்காகவா நீ ஓடுகிறாய்?"

பையன் தன் காலணியைப் பார்த்தான். "ஓடறது நான்தானே, மாமா" என்றான்.

அன்பர் சிரித்தார். பெயரை மாற்றிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளிராது என்பது அவர் கட்சி. நமக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு பெயரை நினைவில் வைப்பது வேறு, அதற்குக் கைதட்டுவது வேறு. ஆயினும் பையனுடைய பதிலுக்கு எதிர்ப்பதில் நம்மிடம் இல்லாமற் போனதையும் சொல்லிவிட வேண்டும். நெடுங்காலம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே உரியதாயிருந்த கூடத்தில் இன்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும், நம் காவிரிக்கரைப் பிள்ளை உட்பட, உரிமையோடு நடமாடுகிறார்கள்.

இப்பள்ளியில் விடுதியில் தங்கிப் படிப்போரும் உளர்; வீட்டிலிருந்து வந்து செல்வோரே பெரும்பான்மை. இந்த வேறுபாடு வெளியூர்வாழ் நம் குடும்பங்களுக்கு வெறும் ஏற்பாட்டு விஷயம் அன்று. ரயில்வேயிலும் ராணுவத்திலும் வங்கியிலும் இருப்போர்க்கு மூன்றாண்டுக்கொரு முறை மாற்றல் வருகிறது. பிள்ளையின் படிப்பு நடுவில் அறுபடக்கூடாதென்று விடுதியில் விடுகிறார்கள். அன்பரும் தம் மூத்த மகனை அவ்வாறே மலைப்பிரதேசத்துப் பள்ளி ஒன்றில் விட்டவர். படிப்பில் குறைவில்லை, ஒழுங்கு, உடல்வலிமை, பேச்சு யாவும் சிறப்பு. நான்காம் ஆண்டு ஊரிலிருக்கும் பாட்டிக்குப் பையன் எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. தாத்தா அதைத் தமிழில் சொல்லச் சொல்லப் பாட்டி கேட்டுக்கொண்டாராம். "அவன் சௌக்கியமாத்தான் இருக்கான். ஆனா எங்கிட்ட பேசலையே" என்றாராம்.

ஆதலால் இளையவனைப் பொறுத்தமட்டில் வேறு முடிவு செய்தனர். அன்பருக்கு வேறிடத்துக்கு மாற்றல் வந்தபொழுது அவர் மட்டும் சென்று தனியே சமைத்துண்டார். மனைவியும் பையனும் லக்னௌவிலேயே இருந்தனர். செலவு இரட்டிப்பு, ரயில் பிரயாணம் ஓயவில்லை. அவ்வம்மையாரை மாலையில் வீட்டில் கண்டபொழுது, "விடுதியிலே விட்டா பெரியவனுக்குப் பொறுப்பு வந்ததே, இவனுக்கு அது இன்னும் வரலை. தன் தட்டைக்கூட எடுக்க மாட்டேங்கிறான்" என்று சிறிது குறைபட்டுக்கொண்டார். ஆகவே ஒரு பக்கத்தையே லாபமாக எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை. தாய் தந்தை இருவரும் இரவுப்பணி செய்யும் வீடுகளும், பள்ளியே இல்லாத அணைக்கட்டு முகாம்களும் உண்டு. அவர்களுக்கு விடுதியன்றி வழியில்லை. அத்தகைய பெற்றோர், விடுமுறையில் பிள்ளை வந்து இறங்கும் முதல் வாரத்தை உறவினர் வீட்டு விருந்துகளுக்குக் கொடுத்துவிடாமல் தமக்கென்றே வைத்துக்கொள்வது நலம்.

ஞாயிறு காலையில் அந்த வீட்டில் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து. எழுதியது கடிதமாக மடிக்கப்பெற்று அன்றே உறையிலிடப்படுகிறது. கைப்பேசியில் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் கடிதம் எதற்கு என்று பையன் கேட்பதுண்டாம். பாட்டி அதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார் என்பதே தாயின் பதில். நாம் பார்த்த கடிதத்தில் எழுத்துப்பிழைகள் இருந்தன. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தன. பள்ளிக்கூடத்துச் சிங்கங்களைப் பற்றி எழுதியிருந்தான். அவற்றின் வாய்க்குள் புறா கூடு கட்டியிருக்கிறதென்றும், முட்டை இரண்டென்றும்.