பத்தியம்

சின்னம்மாவுக்கு லிம்போமா என்று தெரிந்த கிழமையே மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன. பாரிஸிலிருந்து முள்சீத்தா இலைத் தூள், லண்டனிலிருந்து மஞ்சளும் மிளகுச் சத்தும் அடைத்த குளிசைகள், ஊரிலிருந்து பெயர் எழுதாத ஒரு போத்தல் கசாயம். ஒவ்வொன்றோடும் ஒரு தடையும் வந்தது: சீனி வேண்டாம், பால் வேண்டாம், மீன் வேண்டாம், சோறும் வேண்டாம்.

அனுப்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். விசா கிடைக்காதவர்கள், வேலையை விட்டு வர முடியாதவர்கள். சின்னம்மாவின் கட்டிலடியில் வந்து நிற்க அவர்களுக்குப் பார்சலை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் ஆறு கிழமையில் சின்னம்மா ஏழு கிலோ மெலிந்துவிட்டார்.

பாரிஸ் மாமாதான் சீனிக்கு எதிராக நின்றார். "சீனிதான் பிள்ளை அதுக்குச் சாப்பாடு. நிப்பாட்டினா அது பட்டினியில சாகும்."

இந்தக் கதைக்கு ஒரு வேர் உண்டு. 1920களில் ஒட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, புற்றுக்கலங்கள் குளுக்கோசை மிக அதிகமாக இழுத்துக்கொள்வதைக் கண்டார். அது உண்மை. ஆனால் நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் இரத்தத்துக்குக் குளுக்கோசைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதற்கு உடம்பின் தசையையும் கரைக்கும். முதலில் பட்டினி கிடப்பது நோயாளிதான்.

இரண்டாவது கீமோ முடிந்தபோது தலைமுடி கொட்டியிருந்தது. விரல் நுனிகள் விறைத்திருந்தன. அந்தச் சிவப்பு மருந்தை நினைத்தாலே ஓங்காளித்தார். "காணும் பிள்ளை. இனி ஊர் மருந்தே செய்வம்" என்றார். நாலு தடவை இன்னும் இருந்தது.

அவருக்குக் கொடுக்கிற ஐந்து மருந்துகளில் மிகச் சின்னப் பையில், நிறமில்லாமல் வருவது வின்கிரிஸ்டின். அது நம்முடைய பட்டிப்பூச் செடியில் இருந்து வந்த மருந்து என்று சொன்னேன். 1952இல் ஜமைக்காவில் இருந்து ஒரு வைத்தியர் இந்த இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே சனங்கள் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடித்த இலை. ஸ்காபரோவில் இருந்து இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய கார் ஓட்டத்தில் இருக்கும் ஒன்ராறியோ லண்டனில், ரொபர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் அதை எலிகளில் சோதித்தார்கள். சீனி குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து அதிலிருந்து பிறந்தது. வின்கிரிஸ்டின் அதன் உடன்பிறப்பு.

"வேலியடியில நிண்ட பட்டிப்பூவோ? ஆடும் வாய்வைக்காதே!" சின்னம்மா கன நாளைக்குப் பிறகு சிரித்தார். "அப்ப இலையை அவிச்சுக் குடிச்சாக் காணாதோ?"

"நஞ்சு, சின்னம்மா. நூற்றுக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலையில ஒரு கிராம்தான் எடுக்கலாம். உங்களுக்கு ஒருக்கா ஏத்திறது கூடினது 2 மில்லிகிராம்."

கொஞ்சநேரம் யோசித்தார். "அப்ப இதுக்கு என்ன பத்தியம்?"

அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். நம்மவர்களுக்குப் பத்தியமில்லாத மருந்து அரை மருந்து. பத்தியம் வெறும் விலக்கும் இல்லை, மருந்துக்கு ஏற்ற சாப்பாடு. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறியும் சோறும் கொடுத்ததும் பத்தியந்தான்.

உணவியலாளரும் மருந்தாளரும் சொன்னதை அன்றிரவே பத்தியமாக எழுதினேன். மஞ்சள் கறியில் போடலாம். குளிசையாக வேண்டாம், மிளகுச் சத்தும் கிரேப்ஃபுரூட்டும் ஈரல் மருந்தைக் கையாளும் விதத்தைக் குழப்பக்கூடும். முள்சீத்தாவில் நரம்புக் கலங்களைத் தாக்கும் பொருள் இருக்கிறது. விரல் ஏற்கெனவே விறைத்தவருக்கு அது ஆகாது. முட்டைக்கோப்பி வேண்டாம், பச்சை முட்டை. அவித்த முட்டை நல்லது. வின்கிரிஸ்டின் மலச்சிக்கல் தரும், ஆகவே தண்ணீரும் நன்றாக அவித்த கீரையும். மீன், பருப்பு, சோறு தாராளமாக. காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் கொத்தமல்லித் தண்ணி வைத்துப் பார்த்திராமல் உடனே ஆஸ்பத்திரி.

சின்னம்மா தானே மாமாவுக்கு எடுத்தார். "தம்பி, நான் பத்தியத்தில இருக்கிறன்." வார்பர்க்கையும் ஈரலையும் சொல்லி நான் தோற்ற இடத்தில் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. மறுமுனையில் சத்தமில்லை. பிறகு மாமா கேட்டார்: "என்ன மீன் அக்கா வாங்கிறனீங்கள்?"

ஆறு தடவையும் முடிந்தது. ஸ்கானில் நோய் தெரியவில்லை. வைத்தியர் மாறிவிட்டது என்று சொல்லவில்லை, மூன்று மாதத்தில் வாருங்கள் என்கிறார். விரல் விறைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார். சோற்றை மட்டும் தானே பிசைந்து சாப்பிடுகிறார்.