காதால் கண்ட படம்

எங்கள் கிறிஸ்து பிறப்பு வீடியோவிற்கு ஒலி சேர்க்கும் பணி எனக்குக் கிடைத்தது. 'சைலண்ட் நைட்' பாடல் 1818-இல் ஆஸ்திரியாவில் முதன்முதலாகப் பாடப்பட்டது. இசையமைத்த குரூபர் 1863-இல் மறைந்தார். ஆகவே மெட்டு இன்று எல்லோருக்கும் பொது. அதை ஒருவர் பாடிய பதிவு அப்படியன்று! நம் நாட்டில் ஒலிப்பதிவு வெளியானபின் 60 ஆண்டுகள் அதற்குத் தனி உரிமை உண்டு. விலை கொடுத்து வாங்கிய பாட்டானாலும் படத்தில் சேர்க்க அனுமதி வேண்டும். எனவே ஆர்மோனியத்தில் நானே வாசித்துக் கைபேசியில் பதிந்தேன்.

மற்ற ஒலிகளில்தான் எனக்கு அச்சம். பார்வையிழந்த மூத்த சகோதரி ஒருவர் எங்கள் படத்தைக் காதால் மட்டுமே காண்பார் அல்லவா? தொழுவத்திற்கு வைக்கோலைக் கசக்கினோம். குளம்பொலிக்கு இரண்டு கொட்டாங்கச்சிகள். முதலில் மெல்ல, பிறகு உரக்க, கழுதை நெருங்கி வருவதுபோல் தட்டினோம்.

படம் ஓடும்போது சகோதரி என் கையைப் பற்றிக் கேட்டார்: "கழுதை நின்றுவிட்டதே, மாதா இறங்கியாயிற்றா?"