கப்பலைத் தொடரும் பறவை

போக்லண்ட் தீவுகளின் ஸ்ரான்லித் துறையினின்றும் புறப்படும் கப்பல் தென் ஜோர்ஜியாத் தீவை அடைய ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் கடக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் கரையென்பதே கண்ணிற்படாது. அந்நாட்களில் பயணிகள் உணவு மேசையை மறந்து பின்தளத்தையே நாடுவர். அங்குதான் அல்பற்றோஸ் வருகிறது.

விரித்த சிறகு மூன்றரை மீற்றர் வரை நீளும் இப்பெரும் பறவை, நெடுநேரம் சிறகடிக்காமலே கப்பலைத் தொடரவல்லது. காற்றானது நீர்ப்பரப்பை ஒட்டி மெதுவாகவும் சற்று உயரத்தில் விரைவாகவும் வீசும். இவ்வேறுபாட்டையே முதலாகக் கொண்டு, எதிர்காற்றில் மேலெழுந்து, திரும்பி, காற்றோடு சரிந்து, அலைமுகட்டை உரசுமாப்போல் வந்து மீண்டும் எழுகிறது. தோளிலுள்ள தசைநாண் விரித்த சிறகைப் பூட்டிவைப்பதால் உழைப்பும் சொற்பமே. தலைசுற்றிக் கைப்பிடிக் கம்பியைப் பற்றி நிற்கும் மனிதனுக்கு இது சற்றே வெட்கந்தரும் காட்சிதான்.

தரையிறங்குமுன் சப்பாத்துக்களைக் கழுவி, ஆடை மடிப்புக்களில் ஒட்டிய விதைகளையும் அகற்ற வேண்டும். முணுமுணுப்போர் உளர், ஆனால் இது வெறுஞ் சடங்கன்று. கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் வேட்டையாட வந்த கப்பல்களோடு வந்த எலிகள், முட்டையையும் குஞ்சையும் தின்று கரைகளை வெறுமையாக்கின. 2011 முதல் 2015 வரை உலங்குவானூர்திகளிலிருந்து நஞ்சூட்டிய இரை தூவப்பட்டு, 2018இல் தீவு எலியற்றதென அறிவிக்கப்பட்டது.

வடகரையோரத்துப் பிறையன் தீவிலே, புற்களிடையே மண்ணாலும் புல்லாலுமான மேட்டுக்கூட்டில் ஒரேயொரு முட்டை. தாயும் தந்தையும் மாறிமாறிப் பதினொரு வாரம் வரை அடைகாக்கும். பொரித்த குஞ்சு உறைபனிக் காலம் முழுவதும் கூட்டிலேயே இருந்து, ஏறக்குறைய ஒன்பது மாதங்களின் பின்னரே பறக்கும். ஆதலால் ஒரு குஞ்சை வளர்த்தெடுத்த இணை மறு ஆண்டில் முட்டையிடுவதில்லை. இத்துணை மெதுவாகப் பெருகும் இனத்துக்கு ஒவ்வோர் இழப்பும் பேரிழப்பாகும்.

இழப்போ தொலைவிலே நிகழ்கிறது. சூரை பிடிக்கும் படகுகள் நீண்ட கயிற்றிலே ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கோத்து இறக்குகின்றன. அவை அமிழுமுன் இரையைக் கவ்வும் பறவை, முள்ளிற் சிக்கி நீருள் இழுக்கப்பட்டு மாள்கிறது. தென் ஜோர்ஜியாக் கடலில் 1990களின் பின் கோடைகால மீன்பிடி தடுக்கப்பட்டது. இரவில் மட்டுமே கயிறு இறக்கவும், அதனை விரைந்து அமிழ்த்தப் பாரங்கட்டவும், பறவைகளை அச்சுறுத்தும் நாடாக்களைத் தொங்கவிடவும் விதி வந்தது. அங்கே இறப்பு ஏறத்தாழ நின்றே போயிற்று. எனினும் இப்பறவைக்கு எல்லைக்கோடு ஏது? பிறேசில், உருகுவே ஆகிய நாடுகளுக்கு அப்பாலுள்ள கடல்வரை அது இரைதேடிச் செல்கிறது.

கழிவு மீனை வீசும் படகுகளைக் கண்டு பழகியமையாலேயே அது கப்பல்களைத் தொடர்கிறதாம். படம்பிடிக்கும் பயணிகளின் கப்பலும் தூண்டில் இறக்கும் படகும் அதற்கு ஒன்றே. அது திரும்பாவிடின், கூட்டிலுள்ள துணை பல நாட்கள் பசியோடு காத்திருந்து, ஈற்றில் முட்டையை விட்டுக் கடலுக்கு எழும்.