எல்லை தாண்டாத பாட்டில்

கம்மாபுரத்திலிருந்து புதுச்சேரிக்கு நாலடுக்குத் தூக்கோடு கிளம்பினேன். மேலடுக்கில் பச்சை முந்திரிப் பருப்புக் குருமா, அதன் கீழே மிளகு தட்டிப் போட்டு வறுத்த பரங்கிப்பேட்டை நண்டு, பிறகு சோறு, அடியில் சங்கரா மீன் குழம்பு. "பாண்டிச்சேரியில கெடைக்காத சோறா?" என்று அம்மா கேட்டாள். மாமா வீட்டில் ஒரு வெள்ளை ஒயின் பாட்டில் காத்திருந்தது. அதை எல்லை தாண்டி இங்கே கொண்டுவந்தால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வழக்குதான். குழம்புக்கு அந்தத் தடை கிடையாது.

நெய்வேலி போய் வடலூருக்கு பஸ் மாறினேன். புலால் மறுத்த வள்ளலார் 1867-ல் தருமச்சாலை தொடங்கிய ஊரை மடியில் நண்டோடு கடப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தூக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டேன். கடலூர், பெண்ணையாறு, முள்ளோடை எல்லாம் கடந்து அரியாங்குப்பம் வந்தால் வலப்பக்கம் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஒயின் வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவு ஒயினும் இங்கே இறங்கியிருக்கிறது. அதில் கடல்நீரைக் கலப்பார்களாம். எந்த மீனோடு குடித்தார்களோ!

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் எல்லோருக்கும் புரியும். அவர் எடுத்து வைத்தது வூவ்ரே. அது பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் தூர் நகரத்துக்குப் பக்கத்து ஊர். திராட்சை ஷெனான் பிளான். லேபிளில் 'தெமி-செக்' என்று போட்டிருந்தது.

"அப்படின்னா என்ன மாமா?"

"பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவுல நின்னுட்டதுன்னு வச்சிக்கயேன்" என்றார்.

பனையேறிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். திராட்சைச் சாற்றின் சர்க்கரை முழுக்கச் சாராயமாகும் முன்பே நொதிப்பு நின்றால் கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும். நாசிக்கில் சூலா நிறுவனம் அதே திராட்சையில் எடுக்கும் ஒயினிலும் அந்த லேசான இனிப்பு உண்டு.

கண்ணாடிக் குவளை வியர்த்திருந்தது. உள்ளே வெளிறிய தேன் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த பேரிக்காய் வாசனை. முதல் மடக்கு நாக்கில் கனமாக, இனிப்பாகப் படர்ந்தது. விழுங்கும்போது நார்த்தங்காய்போல ஒரு புளிப்பு வந்து அந்த இனிப்பைத் துடைத்துவிட்டுப் போனது. இந்தப் புளிப்பு இல்லாவிட்டால் அது வெறும் சர்பத்.

நண்டுக்காலைக் கடித்து உறிஞ்சினேன். மிளகுக் காரம் உதடுவரை ஏறியது. இனிப்பே இல்லாத, சாராயம் தூக்கலான ஒயின் என்றால் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும். இது அப்படியே அணைத்தது. குருமாவோடு இன்னும் பொருத்தம். பச்சை முந்திரிக்குப் பாலும் மாவுமாக ஒரு மென்மை உண்டு, கூடவே அரைத்துவிட்ட தேங்காய். இரண்டு வாய்க்குப் பிறகு நாக்கு மந்தமாகிவிடும். ஒரு மடக்கு ஒயின் அதைக் கழுவி மறுபடி பசிக்க வைத்தது. அத்தை அந்த அடுக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் பெரிதாக நம்பி வந்த மீன் குழம்புதான் காலை வாரியது. புளி ஏறிய நாக்கில் ஒயினின் புளிப்பு காணாமல் போய், சர்க்கரைத் தண்ணீராகி நின்றது. மாமா ஒன்றும் சொல்லாமல் குவளையைத் தள்ளி வைத்துவிட்டுக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். பட்டாளத்துக்காரருக்கும் எதை விடுவது என்று தெரிந்திருக்கிறது.

திரும்பி வரும்போது ஆல்பேட்டையில் தூக்கைத் திறக்கச் சொன்னார்கள். நண்டின் ஓடு மட்டும் இருந்தது.

நீங்களும் தூக்கோடு போவதாக இருந்தால் குருமாவைக் கூடுதலாகக் கட்டிக்கொள்ளுங்கள். மீன் குழம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும்.